அந்தப் பிரதர் இருந்தாகளே

சாமியாராவதற்காகக் குருமடத்தில் படிக்கும் பிரதருக்குப் பொறாமை வராது என்று அல்லிநகரத்தில் என் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். சொத்து கிடையாது, சம்பளம் கிடையாது, கல்யாணமும் கிடையாது, அப்புறம் எதைப் பார்த்து வயிறு எரியப் போகிறது என்று கேட்கிறார்கள். ஒரு வாரம் வந்து எங்களோடு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆயர் வந்த அன்று தூபக்கலசம் யார் கைக்குப் போனது, மறையுரைப் பயிற்சியில் யார் பேசும்போது பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், வாலிபாலில் யாரை வலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. வெளியே அடுத்தவன் மாடி கட்டினால் எரிகிற வயிறு, உள்ளே அடுத்தவன் சங்கீதம் பாடினால் எரிகிறது.

எனக்கு எரிந்தது ஒரே ஆளைப் பார்த்துத்தான். என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவர், கூடலூர்ப் பக்கம். கிட்டார் வாசிப்பார். மலையாளம் பேசுவார். வாலிபாலில் அவர் எழும்பி அடித்தால் எதிரணிக்காரனே கை தட்டுவான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஆனால் தங்கமான மனிதர். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது சமையலறையில் போய்க் கஞ்சி வைத்துக்கொண்டு வந்தார். கஞ்சியும் நன்றாக இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் சொன்னேன். “அவருக்காக செபம் பண்ணுங்க பிரதர், பொறாமை தானாப் போயிரும்” என்றார் ஆன்ம குரு. நானும் மனப்பூர்வமாகச் செபித்தேன். அந்த வருடம் அவருக்குக் குரல் இன்னும் நன்றாகிவிட்டது.

தத்துவப் படிப்பு முடிந்து இறையியல் தொடங்கும் முன்னால் ஒரு வருடம் எங்களை ஏதாவது ஒரு பங்கில், அதாவது ஓர் ஊர்க் கோயிலில், கொண்டுபோய் விடுவார்கள். களப்பணி ஆண்டு என்று பெயர். பங்குச்சாமியாரோடு தங்கி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, பாட்டுக் குழுவைப் பார்த்துக்கொண்டு, சனங்களோடு பழக வேண்டும். என் முறை வந்தது. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, நடுவில் எங்கள் கோயில். போன வருடம் அங்கே இருந்தவர் யார் என்று கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரேதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கக் கோயில்பிள்ளை வந்தார். கோயிலில் மணியடிப்பது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் வேலை. பெட்டியின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்தார், இன்னொன்றை நான் பிடித்தேன். நாலடி நடந்ததும் சொன்னார்: “அந்தப் பிரதர் இருந்தாகளே, ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தாக.”

இந்த ஊரில் நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். அதன் பிறகு அதைக் கேட்காமல் எனக்கு ஒருநாள்கூடப் பொழுது விடியவில்லை.

என் அறைச் சுவரில் உயரமாக ஓர் ஆணி இருந்தது. “அவுக கிட்டார் மாட்டுற ஆணி” என்றார் கோயில்பிள்ளை. நான் அதில் என் அங்கியை மாட்டினேன். வேண்டுமென்றேதான் மாட்டினேன். மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகள், கதை சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். “அந்தப் பிரதர் குரல் மாத்தி மாத்திச் சொல்லுவாக” என்றார்கள். மதியம் சாப்பிட அழைத்த வீட்டில் இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்றேன். “அந்தப் பிரதர் வெட்கப்படாமச் சாப்பிடுவாக” என்றார்கள். அடுத்த வீட்டில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். “அந்தப் பிரதர் அளவாச் சாப்பிடுவாக, அதான் உடம்பு சிக்குனு இருக்கும்” என்றார்கள்.

இதற்கு மேல் என்னதான் செய்ய? எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது, அதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. இந்த ஊரை விட்டுப் போவதற்குள் ஒரே ஒரு காரியமாவது செய்ய வேண்டும். அதைப் பார்த்து, “இது இந்தப் பிரதர் செஞ்சது” என்று யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவருக்கு இருக்கிற பேரில் பாதிகூட வேண்டாம்.

கிறிஸ்துமசுக்குக் குடில் கட்டும் பொறுப்பு வந்தது. மீன் தொட்டி மோட்டார் ஒன்றை வாங்கி, களிமண்ணில் மலை செய்து, சுருளி அருவி மாதிரி தண்ணீர் விழ வைத்தேன். அருவிக்குக் கீழே குழந்தை இயேசு. நன்றாகத்தான் விழுந்தது. ஊரே கூடிப் பார்த்தது. “போன வருசம் அந்தப் பிரதர் பெரியாறு டேமே கட்டியிருந்தாக” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மதகு திறக்குமாம், தண்ணீர் வருமாம், லைட் எரியுமாம்.

பாட்டில் ஒரு கை பார்க்கலாம் என்று இறங்கினேன். கிட்டார் வராவிட்டாலும் எனக்குக் கீபோர்டு வரும். பூசையில் நற்செய்தி வாசிப்பதற்கு முன்னால் பாடும் அல்லேலூயாவுக்கு அந்தப் பிரதர் போட்ட மெட்டைத்தான் ஊரே பாடிக்கொண்டிருந்தது. நான் ஒரு புது மெட்டுப் போட்டேன். பாட்டுக் குழுப் பெண்பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் அதைப் பாடப் பாடப் பழைய மெட்டுக்குள் போய் விழுவார்கள். நான் இழுத்து வெளியே கொண்டுவருவேன். ஒருவழியாக மெட்டு நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் நற்செய்தி வாசிக்க எழுந்ததும், கீபோர்டில் சத்தத்தை ஏற்றி வைத்துத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகளும் கணீரென்று எடுத்தார்கள்.

சாமியார் நின்ற இடத்திலேயே நின்றார். ஊதா உடுப்பில் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் முதல் ஞாயிறு. தவக்காலம் முழுக்கக் கோயிலில் அல்லேலூயா என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. பூசையில் அப்பம் வாங்கும் வயசு வராத, முதல் நன்மை வாங்காத பிள்ளைக்குக்கூட அது தெரியும். தத்துவம் படித்து முடித்த நான், மெட்டு சரியாக வந்த சந்தோசத்தில் காலத்தையே மறந்துவிட்டேன். பெஞ்சுகளில் தோள்கள் குலுங்கின. பூசை முடிந்து வெளியே வந்தால், சாமியார் திட்டுவதற்கு முன்னாலேயே கோயில்பிள்ளை வந்துவிட்டார். “அந்தப் பிரதர் இருந்தாகளே…” என்று தொடங்கினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மிச்சம் இருந்தது ஜீப்.

எங்கள் பங்குப் பெண்களில் பாதிப் பேர் மலைமேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். அந்தப் பிரதர் அவர்களோடு ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்கே போய் வந்தாராம். போகும் வழியெல்லாம் பாட்டாம். கங்காணியோடு மலையாளத்தில் பேசி, பெண்களுக்குக் கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தாராம். இதை எனக்குச் சொன்னது, ஜீப்பில் எப்போதும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஓர் அக்கா. ஆள் சேர்த்துவிடுவதும் அவர்தான், சண்டையைத் தீர்த்துவைப்பதும் அவர்தான். நான் மனசுக்குள் அவருக்கு முன்சீட்டு அக்கா என்று பெயர் வைத்திருந்தேன்.

நானும் வருகிறேன் என்றேன்.

“மேட்டு ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும் பிரதர். உங்களுக்குச் சேருமா?”

“எல்லாம் சேரும்க்கா.”

சேரவில்லை. ஜீப்பில் ஆள்மேல் ஆளாக அடைந்திருந்தார்கள். தூக்குவாளிக் குழம்பு வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து அடித்தன. பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பாட்டு நின்றது. ஐந்தாவதில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ஓர் ஆத்தா என் முதுகைத் தடவிவிட்டார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். முன்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “அந்தப் பிரதர் ஏறுனாப் பாட்டு, இந்தப் பிரதர் ஏறுனா வாந்தி.” ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. அடுத்த வளைவு வந்துவிட்டது.

தோட்டத்தில் ஏலச்செடிக்குக் கீழே இருட்டாக, ஈரமாக இருந்தது. முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. பெண்கள் காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு களை எடுக்க இறங்கினார்கள். சுண்ணாம்பை ஈரம் கழுவிவிடும், பிறகு அட்டை ஏறும். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர்கள் பேச்சோடு பேச்சாகக் காலைத் தடவி, அட்டையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார்கள். கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வடிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“பெரிய வியாழனுக்கு வந்துருவீகள்லக்கா?” என்று கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை அது; வேறு என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கேட்டேன்.

“நாங்க எங்கன வாரது? ஜீப்பு ஊருக்குள்ள நுழையயில கால் கழுவி முடிச்சு நன்மையும் குடுத்து முடிச்சிருப்பாக.”

“போன வருசமுமா?”

“எந்த வருசமும் அப்படித்தான்.”

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அது கருணையில் எரிந்தது என்று சொல்ல ஆசைதான். நான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டது ஒன்றே ஒன்றை: அந்தப் பிரதர் இதற்கு எதுவும் செய்யவில்லை.

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு நாற்காலியும் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்களுக்கு எழுதிவைத்த மாதிரி. அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்காருவார். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, புது வேட்டியில் வருவார்கள். சாமியார் கழுவ அந்தக் காலில் ஒன்றும் இருக்காது. நான் சாமியாரிடம் போய், பாதி நாற்காலிகளை ஜீப்பில் வருகிற பெண்களுக்குக் கொடுக்கலாம், ஜீப் வந்த பிறகு பூசையைத் தொடங்கலாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அல்லேலூயாவையே தவக்காலத்துல பாடுன ஆளு நீங்க. இதுல ஏதும் ஏடாகூடம் வந்தா யாரு பிரதர் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சாமி.”

பொம்பளைகள் எப்படி அப்போஸ்தலர் ஆவார்கள் என்று பேரவையில் ஒருவர் கேட்டார். ரோமையிலேயே அதற்கு அனுமதி கொடுத்து வருடக்கணக்காகிவிட்டது என்று சாமியார் அவர் வாயை அடைத்தார். அந்த விசயத்தில் அவர் என் பக்கம் நின்றதை நான் மறக்கக் கூடாது.

பெரிய வியாழன் சாயங்காலம் மேட்டில் மழை. கோயில் நிறைந்துவிட்டது, ஜீப் வரவில்லை. ஆறு ஆண்கள் வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் ஆறு நாற்காலிகள் காலி. சாமியார் பூசை உடுப்போடு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்தேன். கோயில்பிள்ளை யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: “அந்தப் பிரதர் இருந்தா நேரத்துக்கு ஆரம்பிச்சிருப்பாக.” இன்றைக்கு இதுவும் கெட்டது என்றால் ராத்திரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஒத்தக் கையில்தான் தூக்க முடியாது.

ஜீப் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஓடிக் குளித்துவிட்டு வர அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. அப்படியே வாருங்கள் என்று நானே போய் அழைத்தேன். தலையில் கட்டிய துண்டோடு, தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

கால் கழுவும் நேரம் வந்தது. சாமியார் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், நான் முழங்காலிட்டுத் தாம்பாளம் பிடித்துத் துண்டால் துடைக்க வேண்டும். ஆண்களின் கால்கள் முடியும்வரை தாம்பாளத்தில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஏழாவது கால் முன்சீட்டு அக்காவுடையது. சேறு அப்பியிருந்தது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேணாம் சாமி. அசிங்கமா இருக்கு.”

சாமியார் தயங்கினார். நான் காலைப் பிடித்து முன்னால் இழுத்தேன். விரலிடுக்கில் அட்டை ஒன்று இன்னும் கடித்துக்கொண்டிருந்தது, குடித்துக் குடித்துக் கட்டைவிரல் பருமனுக்கு ஊதி. பிய்த்தேன், வழுக்கியது. சாமியாரின் செம்பு காற்றிலேயே நின்றது. பாட்டுக் குழு பாட்டை விட்டுவிட்டது.

பக்கத்தில் அந்தோணியார் சுரூபம். தவக்காலம் என்பதால் ஊதாத் துணி சுற்றி மூடியிருந்தோம். துணியால் மூடினாலும் சனங்கள் விடவில்லை, நேர்ச்சையாக அவர் காலடியில் கொட்டிய உப்பும் மிளகும் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. நான் முழங்காலிட்டபடியே நகர்ந்து போய் ஒரு கை அள்ளினேன், மிளகோடு சேர்த்து. அட்டைமேல் வைத்து அழுத்தினேன். அது சுருண்டு தாம்பாளத்தில் விழுந்தது.

“ஏ ஆத்தா!” என்று அக்கா துள்ளினார். உப்பு கடிவாயில் பட்டுவிட்டது. அவர் சிரித்தார். வரிசையே சிரித்தது. பெரிய வியாழன் பூசையில் நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. சாமியாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். பிறகு ஒவ்வொரு காலாகப் பார்த்தோம். எல்லாக் காலிலும் ரத்தம். தாம்பாளத் தண்ணீர் முதலில் கலங்கியது, பிறகு சிவந்தது. ஒரு துண்டு போதாமல் இன்னொரு துண்டு வந்தது. நான் தலையைத் தூக்கவே இல்லை. ஒரு கால் முடிந்ததும் அடுத்த காலுக்கு நகர்ந்தேன். எழுந்தபோது என் அங்கியின் கைகளில் ரத்தமும் சேறும். அன்றைக்கு யாரும் எந்தப் பிரதரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரம் முழுக்க அவர் ஞாபகம் வரவில்லை.

மே மாதம் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். “அந்தப் பிரதரைப் போலவே இந்தப் பிரதரும்” என்றுதான் பேரவைத் தலைவர் பேச்சைத் தொடங்கினார். பரவாயில்லை என்று விட்டேன். என்னிடம் பெரிய வியாழன் இருந்தது.

குருமடத்துக்குத் திரும்பி இறையியலில் உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு என்னைவிட இளையவன் ஒருவன் போனான். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எங்களுக்கு போன் கையில் கிடைக்கும். அடுத்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு அவன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

“இந்த ஊருல இருக்கவே முடியல பிரதர். எதைச் செஞ்சாலும் அந்தப் பிரதர் இருந்தாகளேன்னு ஆரம்பிச்சுடுறாக.”

எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே கொஞ்சம் இனித்ததும் உண்மை. “எந்தப் பிரதர்?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“பெரிய வியாழனுக்கு ஜீப்பு வந்தப்புறந்தான் பூசையாம். அதை அவருதான் ஆரம்பிச்சு வச்சாராம். அந்தோணியார் உப்பை அள்ளிப் போட்டு அட்டையை எடுத்தாராமே! ஜீப்புல டிரைவர் பக்கத்துல உக்காந்து வர்ற அக்கா சொல்லிச் சொல்லி மாயுறாக. நம்மளால அதெல்லாம் முடியுமா பிரதர்?”

“அந்தப் பிரதர் பேரைச் சொன்னாகளா?”

“பேரு தெரியல. கிட்டார் வாசிப்பாராமே, அவருதான்.”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: “தம்பி, அது நான்தான்.”

“அப்படியா பிரதர்” என்றான், பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று குருமடத்தில் கற்றுக்கொடுத்த அதே பணிவோடு. ஆள் நம்பவில்லை.

அதோடு விட்டேனா? சாயங்காலம் வாலிபால் மைதானத்தில் கிட்டார்க்காரரைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, நான் அந்தப் பூசைக்கு அந்த ஊர்லயே இல்லையே பிரதர். நானே பேசிச் சொல்லிடுறேன்” என்றார். அடுத்த ஞாயிறே சொல்லியும் விட்டார். அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு இளையவன் என்னைக் கூப்பிட்டான்.

“என்ன தாழ்ச்சி பிரதர் அவருக்கு! தான் செய்யலன்னு அடிச்சுச் சொல்றாரு. எல்லாம் நீங்கதான் செஞ்சீங்களாம். இதை அக்காகிட்ட சொன்னேன். அவுக கண்ணுல தண்ணியே வந்துருச்சு. செஞ்சதை அடுத்தவுக பேருல போடுற மனசு யாருக்கு வரும்னு கேக்குறாக.”

யோசித்துப் பார்த்தால் அக்காவின்மேல் தப்பில்லை. கால் கழுவிய நேரம் முழுக்க நான் குனிந்தே இருந்தேன். அவர்கள் பார்த்தது வெள்ளை அங்கியையும் ஓர் உச்சந்தலையையும். ஊருக்கு நல்லது எது நடந்திருந்தாலும் அது அந்தப் பிரதர் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் புரிந்தது, எரிச்சல் அடங்கவில்லை.

அந்தப் புனித வாரத்தில் என்னைத் தேனிக்குப் பக்கத்தில் வேறொரு பங்குக்கு உதவிக்கு அனுப்பினார்கள், போனையும் கையில் கொடுத்து. அங்கேயும் தாம்பாளம் பிடித்தேன். பன்னிரண்டு காலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி வந்தவை. துண்டு நனைந்ததே தவிர அழுக்காகவில்லை.

மறுநாள் காலையில் இளையவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஜீப் பெண்கள் தலையில் கட்டிய துண்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள், இதுவும் பூசைச் சாமான்களில் ஒன்று என்பதுபோல. முன்சீட்டு அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் காலடியில் ஒரு வெள்ளை அங்கி குனிந்திருக்கிறது. முகம் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும் தெரிகிறது. கீழே “நான்தான் பிரதர்” என்று எழுதியிருந்தான். எழுதாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. கிட்டார்க்காரர் என்று சொன்னாலும் நம்பலாம், நான் என்று சொன்னாலும் நம்பலாம்.

ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் யாருக்குப் போனது என்பது அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவன் கையில் அந்தத் துண்டு இருந்தது, ரத்தமும் சேறுமாக. அது என் கையில் இல்லையே என்றுதான் வயிறு எரிந்தது.